ஒதுக்கி வைத்த தட்டு

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் எல்லோரும் வீரம்மாவுக்காக விரதம் இருந்தார்கள். வீரம்மாவையும் இருக்க வைத்தார்கள்.

கன்னத்தில் வந்த புற்றை ஈப்போவில் அறுத்து எடுத்து, கோலாலம்பூரில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்து, ஒரு வருடம் ஆகிவிட்டது. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் நோயோடு எச்சிலும் போயிருந்தது, ருசியும் போயிருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மிளகாய் பட்டால் வாயெல்லாம் நெருப்பு.

போன மாதம் எடை பார்த்தபோது டாக்டரின் முகம் மாறியது.

"மறுபடி இறங்கினா வார்டுல சேர்த்து மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் கஞ்சி ஊத்தணும். முட்டை, மீன், பால். தினமும் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அதே சாயங்காலம்தான் அவள் புருசன் அர்ச்சுனன் மஞ்சள் வேட்டியோடு வீட்டுக்கு வந்தான். மனைவி கரண்டு மெஷினுக்குள் கிடந்த நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் நேர்ந்துகொண்டது. வருகிற தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயிலுக்குக் காவடி. அதுவரை வீட்டில் முட்டை கூடாது, மீன் கூடாது, கவிச்சி வாடையே கூடாது.

மகள் செல்லாயி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பதினாறு வயது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாரம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் நின்றவள். நின்றதைப் பற்றியும் அவள் ஒன்றும் பேசியதில்லை. பேசாத பிள்ளை நல்ல பிள்ளை என்று அவர்கள் குடியிருந்த புந்தோங்கில் அவளுக்குப் பேர். அந்தப் பேரைக் கேட்டால் இப்போதெல்லாம் எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை காலை அவள் அடுப்படியில் கஞ்சி கடைந்துகொண்டிருந்தாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, பொடியாக அரிந்த முருங்கைக்கீரை. குழைந்து வந்ததும் சீனன் கடையில் வாங்கிய தவ்பூவைப் போட்டு மசித்தாள். சோயாப் பாலில் உறைய வைத்த அந்த வெள்ளைக் கட்டி விரதத்துக்கும் ஒத்தது, அம்மா வாய்க்கும் ஒத்தது. கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

"எதுக்கு அவ்வளவு எண்ணெய் ஊத்துற?" என்றாள் இருளாயி அத்தை, நிலைப்படியில் நின்றபடி. "புண்ணு ஆறின எடத்துல எண்ணெய் பட்டா மறுபடி பழுக்கும்."

"ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஊத்தச் சொன்னாங்க அத்தை."

"மிஸ்ஸி சொன்னா, மிஸ்ஸி சொன்னா. பிள்ளை பெத்தவளுக்கெல்லாம் எஸ்டேட் லயத்துல யாரு பத்தியம் வடிச்சா? நான்தான். ஒருத்தி செத்தாளா? உப்பில்லாத கஞ்சி, சுட்ட பூண்டு. புண்ணு தானா காயும்."

"அம்மா பிள்ளை பெறலையே அத்தை."

"என்ன முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்ல."

அத்தை அப்பாவின் அக்கா. சுங்காய் பக்கம் எஸ்டேட்டில் ரப்பர் பாலுக்குக் கித்தா மரம் சீவிக்கொண்டிருந்தவள். வயசுப் பெண் இருக்கிற வீட்டில் விரத அடுப்பு மாதத்துக்கு ஒரு தடவை தீட்டாகும் என்று அப்பா போய் அழைத்து வந்திருந்தான். வந்த நாளிலிருந்து சமையல் அவள் கையில். அம்மாவின் கஞ்சி மட்டும் எப்படியோ செல்லாயி கையில் தங்கியது.

அத்தை பின்வாசலுக்குப் போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். புதிதாக ஒரு சுருள் மடித்து, புகையிலை கிள்ளி வைத்து, வலது கன்னத்தில் அடக்கினாள். முன்பெல்லாம் இடது கன்னத்தில்தான் அடக்குவாள். செல்லாயி அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

கஞ்சியை எவர்சில்வர் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றி மூடினாள். வார நாட்களில் அவள் காளியம்மா அக்காவின் தையல் கடைக்குப் பட்டன் கட்டப் போய்விடுவாள். மத்தியானம் கஞ்சியை அத்தைதான் அம்மாவுக்கு எடுத்துக் கொடுப்பாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அந்தக் கவிழ்த்த கிண்ணம்தான் செல்லாயிக்கு ஒரு நாளில் கிடைக்கிற ஒரே நிம்மதி.

பலகை ஆலைக்குக் கிளம்பிய அர்ச்சுனன் நெற்றி நிறைய விபூதியோடு அடுப்படியில் எட்டிப் பார்த்தான். காலில் செருப்பு இல்லை.

"அப்பா, டாக்டர் முட்டை குடுக்கச் சொன்னாரு."

"முருகன் பாத்துக்குவான்மா."

கோபப்படாமல்தான் சொன்னான். அதுதான் கோபமாக வந்தது.

அம்மா குளித்துவிட்டு வந்து கழிவறைச் சுவரோரப் பலகையிலிருந்து தன் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். நீலக் கரை போட்ட எனாமல் தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி. மூன்றின் அடியிலும் அத்தை வந்த பிறகு நகச் சாயத்தால் சிவப்புப் பொட்டு வைத்திருந்தாள், மற்றவர்கள் பாத்திரத்தோடு கலந்துவிடாமல் இருக்க. பலகையை ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தது அப்பா.

*

மாதா கோயிலின் பின்மண்டபத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு சீறிக்கொண்டிருந்தது. புற்றிலிருந்து தேறியவர்கள் எதைச் சாப்பிடலாம், எப்படிச் சமைக்கலாம் என்று எல்ஸி மிஸ்ஸி சனிக்கிழமைதோறும் சொல்லித் தருகிற இடம். ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளை இதற்குக் கொடுத்திருந்தாள். நல்லவள்தான். ஆனால் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசிப் பேசி, ரகசியம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவள்.

இன்றைக்கு முட்டை. உடைத்து அடித்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றி ஆவியில் வைத்தாள்.

"தண்ணி கொதிக்கக் கூடாது. சிணுங்கணும். கொதிச்சா முட்டை ஓட்டை ஓட்டையா ஆயிரும், தொண்டையில உரசும். சரியா வந்தா பல்லே வேணாம். நாக்கால அமுக்கினா போதும்."

மூக்குக்குள் நோய் வந்து தேறிய லியோங் அங்கிள் ஒரு கரண்டி வாங்கி வாயில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "செமுவா ராசா காப்பாஸ்."

எல்லாம் பஞ்சு மாதிரி இருக்கிறதாம்.

"பஞ்சுன்னா மெத்துன்னு இருக்குமே லா அங்கிள்" என்று வீரம்மா மலாயில் சொன்னாள். "எனக்கு எல்லாம் மரத்தூளு. எங்க வீட்டுக்காரரு ஆலையிலேர்ந்து நேரா வந்த மாதிரி."

லியோங் அங்கிள் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தால் வலிக்கும் அவருக்கு. அம்மா வீட்டில் இப்படிப் பேசுவதே இல்லை என்று செல்லாயி நினைத்தாள்.

சீனி அண்ணன் சிரிக்கவில்லை. சுங்காயிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். தொண்டை அறுத்த பிறகு அவர் குரலில் பாதி காற்று.

"மிஸ்ஸி, நீ வாராவாரம் பச்சைக் கீரைங்கிற, பச்சை மீனுங்கிற. எங்க எஸ்டேட் கடையில என்ன இருக்கு தெரியுமா? கருவாடு. டின் சார்டின். டின் பாலு. லயத்துக்குப் பின்னால கீரை போட்டிருந்தோம், வெண்டி போட்டிருந்தோம். எண்ணெய்ச் செம்பனை நடணும்னு மெஷின விட்டு இழுத்துத் தள்ளிட்டான். காய் காய்ச்சு நின்ன முருங்கைய வேரோட. ஆபீஸ் கிராணிகிட்ட போய்க் கேட்டா, அது கம்பெனி நெலம்ங்கிறான். என் தொண்டை மட்டும் யாரு நெலம்?"



"இதை ஏன் போன வாரமே சொல்லல?" என்றாள் எல்ஸி.

"நீ கேக்கல லா."

எல்ஸி கரண்டியை மேசையில் வைத்தாள். கழுத்து வரை சிவந்துவிட்டது அவளுக்கு. "அந்த சார்டினையே அடுத்த வாரம் கொண்டாங்க. டின்னுல இருக்கிற காரக் குழம்பக் கழுவி ஊத்திட்டு, மீனை முள்ளோட மசிச்சுக் கஞ்சியில போடலாம். எப்படின்னு காட்டுறேன். அந்தக் கிராணி பேரையும் கொண்டாங்க. அவனுக்கும் ஏதாச்சும் காட்டுறேன்."

சீனி அண்ணனின் காற்றுக் குரலிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

பிறகு எடை. வார்டிலிருந்து கடன் வாங்கி வந்த மெஷினில் வீரம்மா ஏறி நின்றாள். முள் ஆடி ஆடி நின்றது. போன தடவை நின்ற இடத்துக்குக் கீழே.

"என்னம்மா இது? சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"முட்டை சாப்பிட்டீங்களா இல்லையா?"

"வீட்டுல விரதம் மிஸ்ஸி. காவடி."

"யாருக்குக் காவடி?"

"எனக்குத்தான். நான் பொழைச்சதுக்கு அவரு எடுக்குறாரு."

"பொழைச்சதுக்குக் காவடி எடுக்க உங்கள பட்டினி போடுறாங்களா? எஸ்டேட் ஆளுங்களே இப்படித்தான். எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது."

செல்லாயிக்குக் காது சுட்டது. வீரம்மா மெஷினிலிருந்து இறங்கி, நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மிஸ்ஸி, தவக்காலத்துல வெள்ளிக்கிழமை நீங்க கறி சாப்பிடுவீங்களா?"

"மாட்டோம். ஆனா நோயாளிக்கு விலக்கு உண்டு. பாதரே சொல்லுவாரு."

"உங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்காரு. எங்க வீட்டுல யாரும் யாரையும் கேக்கல. நேர்ந்தவரும் கேக்கல."

எல்ஸி வாயடைத்தாள். அடைத்த வாய் அடுத்த நொடியே செல்லாயி பக்கம் திரும்பித் திறந்தது. "நீ என்ன பண்ற வீட்டுல? வாராவாரம் வந்து மூலையில நிக்கிற. ஊமையா நீ? மாசக் கடைசியில டாக்டர் பாக்கும்போது முள்ளு இதே எடத்துல நின்னா குழாய்தான். அப்ப வந்து என்கிட்ட அழாத."

தினமும் விளிம்புவரை ஒரு கிண்ணம் குடிக்கிறாங்க மிஸ்ஸி என்று சொல்ல வந்தது. அதற்குள் வேறொரு எண்ணம் முந்திக்கொண்டது. அவ்வளவு குடித்தும் இறங்குகிறது என்றால்?

*

வழக்கமாகப் பஸ்ஸிலிருந்து பசார் சந்தையில் இறங்கித் தவ்பூ வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு இறங்கவில்லை. வீரம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா."

"ம்."

"மறுபடி வந்திருக்குமாம்மா?"

"எது?"

"அதான்." அந்தப் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. "தெனமும் முழுக் கிண்ணம் கஞ்சி குடிக்கிற. அப்படியும் எளைக்குதே."

வீரம்மா திரும்பினாள். "முழுக் கிண்ணமா? நீ எப்ப முழுக் கிண்ணம் வச்ச?"

"தெனமும்."

"அரைக் கிண்ணந்தான வருது. அதுக்கும் கொறைச்சலாக்கூட வரும். பருப்பு வெலை ஏறிப்போச்சு போல, பிள்ளை இழுத்துப் பிடிச்சுச் செய்யுதுன்னு நானும் கேக்கல."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. செல்லாயி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கழுவிக் கவிழ்த்த கிண்ணம் கண் முன்னால் வந்தது. இத்தனை நாள் அதைப் பார்த்துவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

பஸ் நின்றதும் அம்மாவுக்குக் காத்திருக்காமல் நடந்தாள். பிறகு ஓடினாள்.

*

முன்கதவைத் திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியின் மேல் இருளாயி அத்தை உட்கார்ந்திருந்தாள். மடியில் எவர்சில்வர் கிண்ணம். கண்ணை மூடிக்கொண்டு, கரண்டி கரண்டியாகக் கஞ்சியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். காலடியில் அவளுடைய தட்டு. காரக்குழம்பு பிசைந்த சோறு கை படாத மேடாக இருந்தது. ஈ மொய்த்தது.

"அது அம்மாவோடது."

அத்தை கண்ணைத் திறந்தாள். கரண்டி பாதியில் நின்றது.

"அது எங்கம்மா கஞ்சி" என்றாள் செல்லாயி. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "தெனமும் தின்னியா? தெனமும் பாதியத் தின்னுட்டு மீதிய குடுத்தியா? எங்கம்மா எலும்பா போயிட்டிருக்கு. நீ இங்க ஒளிஞ்சுக்கிட்டு நோயாளி சோத்தத் திருடித் திங்கிற. உனக்குப் பத்தியம் ஒரு கேடா?"

"யாரைப் பாத்து 'நீ'ங்கிற?" அத்தை எழுந்தாள். கிண்ணத்தை மட்டும் விடவில்லை. "வயசு என்ன, பேச்சு என்ன! பால் குடிக்கையில உன்னத் தூக்கி வளத்தவடி நான்."

"வளத்ததுக்குத்தான் எங்கம்மாவச் சாகடிக்கிறியா?"

"என்ன சத்தம்?" மரத்தூள் படிந்த தலையோடு அர்ச்சுனன் நின்றான். சனிக்கிழமை ஆலையில் அரை நாள்தான். "மெயின் ரோடு வரைக்கும் கேக்குது. விரத வீடா இது?"

"உன் மக என்னத் திருடிங்கிறா தம்பி." அத்தைக்கு உடனே கண்ணீர் வந்தது. "ரெண்டு வாய் கஞ்சி குடிச்சதுக்கு."

"ரெண்டு வாயில்ல. தெனம் பாதிக் கிண்ணம்."

"பசிச்சிருக்கும், குடிச்சிருப்பா. அதுக்குப் பெரிய மனுசியப் பாத்து இப்படியா பேசுவ?" அர்ச்சுனன் குரலை உயர்த்தவில்லை. "அத்தைகிட்ட மன்னிப்புக் கேளு."

அந்த அமைதியான குரல். எல்லாவற்றுக்கும் அதே குரல்.

"கேக்க மாட்டேன்."

"செல்லாயி."

"கேக்க மாட்டேன்! முட்டை வாங்கப் போறேன். வாங்கியாந்து இங்கயே அவிப்பேன்."

"என் வீட்டுல முட்டை வேகாது." இப்போதுதான் அவன் குரல் நடுங்கியது. "வேல் குத்தப் போற ஒடம்பு இது. வீட்டுல கவிச்சி கலந்தா சாமி எறங்காது, ரத்தந்தான் எறங்கும். தெருவுல எல்லாரும் பாக்க நான் விழணும், அதான உனக்கு வேணும்?"

அப்பா பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்திருந்தான். அந்தப் பயத்தைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் குறையவில்லை. இவர்கள் பயத்துக்கெல்லாம் அம்மாதான் இளைக்க வேண்டுமா?

வாசல் பக்கமிருந்து வீரம்மா மூச்சு வாங்க நடந்து வந்தாள். எவ்வளவு கேட்டிருந்தாளோ தெரியாது. யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கழிவறைச் சுவருக்குப் போய், பலகையிலிருந்து எனாமல் தட்டை எடுத்து வந்து புருசன் முன்னால் நீட்டினாள்.

"இது என்னங்க?"

"தட்டு."

"யாரு தட்டு?"

அர்ச்சுனன் தட்டிலிருந்து கண்ணை எடுத்தான்.

"கவுத்துப் பாருங்க. அடியில செவப்புப் பொட்டு இருக்கும். ஏன் வச்சிருக்கு?"

"வீரம்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எனக்கு வந்தது உங்களுக்கு ஒட்டிக்கும்னு வச்சிருக்கு. ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு. அப்பவும் பலக அடிச்சீங்க. கழிவறை செவுத்துல அடிச்சீங்க. ஒரு வருசமா அந்தப் பலகையிலேர்ந்துதான் எடுத்துச் சாப்பிடுறேன். ஒரு வார்த்தை கேட்டேனா?"

வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. சொற்கள் நசுங்கி நசுங்கி வந்தன. கோபம் மட்டும் நசுங்காமல் வந்தது.

"என் தட்டுல உள்ளது உங்க தட்டுல கலக்காது, உங்க தட்டுல உள்ளது என் தட்டுல கலக்காது. நீங்க வச்ச சட்டம்தான இது? அப்ப உங்க விரதமும் என் தட்டுக்கு வராது. என் முட்டையும் உங்க விரதத்துக்கு வராது."

"உனக்காகத்தான நேர்ந்தேன்." அர்ச்சுனனின் கண் கலங்கிவிட்டது. "நீ பொழைக்கணும்னுதான."

"தெரியும். வராந்தாவுல நின்னு நீங்க அழுதது உள்ள எனக்குக் கேட்டுச்சு. அடுத்த ரூம்லதான கெடந்தேன். கதவத் தொறந்து, இப்படி நேரப்போறேன் வீரம்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? நீங்க நேர்ந்தீங்க, நீங்க விரதம் இருங்க. காவடி எடுங்க, நான் வேண்டாங்கல. உங்க பின்னாலயே நடந்து வாரேன். நடக்கக் காலுல தெம்பு வேணும்ங்க. மூக்குல குழாயோட கல்லுமலைப் படி ஏற முடியாது."

அவள் தட்டைச் செல்லாயி கையில் கொடுத்தாள்.

"போ. முட்டை வாங்கிட்டு வா. கரி அடுப்ப வாசல்ல வையி. இங்க ஒளிச்சு வச்சுச் செய்ய வேணாம்."

யாரும் தடுக்கவில்லை. அர்ச்சுனன் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

*

வாசலில், ரோட்டைப் பார்க்க, கரி அடுப்பு புகைந்தது. பழைய மைலோ டின்னில் தண்ணீர். அதற்குள் கிண்ணம். செல்லாயி குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழி பெரிதாகும்போதெல்லாம் ஒரு கரித்துண்டை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டாள். கொதிக்கக் கூடாது, சிணுங்க வேண்டும். அவளுக்குள்ளே கொதித்ததற்கு மட்டும் எந்தக் கரியை எடுப்பது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மா வேலியோரம் வந்து மூக்கை உறிஞ்சினாள். "என்னக்கா இது, காவடி வீட்டுல முட்டை வாடை?"

"ஆமா, எனக்குத்தான்" என்றாள் வீரம்மா. "உனக்கும் ஒரு கரண்டி வேணுமா? தட்டு மட்டும் நீ கொண்டாரணும். என் தட்டுல குடுத்தா உனக்கு ஒட்டிக்குமாம்."

முத்தம்மா காயப்போட்ட துணியை எடுக்க மறந்து உள்ளே போய்விட்டாள்.

கிண்ணத்தில் முட்டை மஞ்சளாக, ஓட்டை இல்லாமல் உறைந்திருந்தது. வீரம்மா எனாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ருசி ஒன்றும் தெரிந்திருக்காது. முகம் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எடுத்த வேலையை முடிக்கிறவள் மாதிரி, ஒவ்வொரு கரண்டியையும் நாக்கால் அமுக்கி அமுக்கி விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைச் செல்லாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தோடு.

அத்தை நடையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வாயில் வெற்றிலை இல்லை. அர்ச்சுனன் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தான்.

"சாப்பிடு அக்கா. பிள்ளை பேசினத மனசுல வச்சுக்காத."

"பசியில்ல தம்பி."

வீரம்மாவின் கரண்டி நின்றது.

"அண்ணி, அந்தக் குழம்பு நீங்க வச்சதுதான?"

"நான்தான் வச்சேன். அதுக்கு என்ன?"

"ஏன் சாப்பிடல?"

"பசியில்லங்கிறேன்ல."

"பசியில்லாதவங்க என் கஞ்சிய ஏன் தின்னீங்க?"

"அம்மா, விடும்மா" என்றாள் செல்லாயி. "நல்லெண்ணெய் ஊத்தி இருக்குல்ல. ருசி கண்டுட்டாங்க."

"நீ சும்மா இரு." வீரம்மா தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நடைக்குப் போனாள். "காலையில வெத்தலைய வலப்பக்கம் போட்டீங்க. நேத்தும் வலப்பக்கந்தான். எடப்பக்கம் என்ன ஆச்சு?"

அத்தையின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. போனதை உணர்ந்து சட்டென்று இறங்கியது. "பல்லு வலி."

"எனக்கும் பல்லு வலிதான். ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் பல்லு வலின்னுதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மொத குழம்பு எரிஞ்சுது. பெறகு வெத்தலைய மாத்திப் போட்டேன். பெறகு கஞ்சி மட்டுந்தான் எறங்குச்சு." வீரம்மாவின் குரல் ஏறியது. "எத்தன நாளா இருக்கு அண்ணி? என்ன ஒதுக்கி வச்ச கையால தெனம் காரக்குழம்பு வச்சு, தட்டுல போட்டு, யாரும் பாக்காம ஈக்குக் குடுத்திருக்கீங்க. உங்களுக்கும் ஒரு பலக அடிச்சிருவாங்கன்னு பயமா?"

செல்லாயிக்கு இப்போதுதான் பின்வாசல் திரும்பக் கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய கண். கை படாத சோறு. திருடுகிறவள் அப்படியா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள்? அவள் கோபம் அப்படியே இருந்தது. அதை யார்மேல் வைப்பது என்பதுதான் போய்விட்டது.

அர்ச்சுனன் அக்காவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை கழுத்தில் தொங்கிய துளசி மாலையைத் தேடிப் பிடித்தது. உதடு அசைய ஆரம்பித்தது.

"ஏங்க!" வீரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்கும் ஒரு காவடி நேர்ந்துடாதீங்க. டார்ச் லைட்ட எடுத்துட்டு வாங்க."

அவன் உள்ளே ஓடினான். டார்ச்சோடு வந்து அடித்தான். பட்டப்பகலில் அந்த வெளிச்சம் அத்தையின் முகத்தில் வெளிறிப்போய் விழுந்தது. வெற்றிலைக் கறை ஏறிய உதடுகளை அவள் உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தாரை தாரையாகக் கண்ணீர் வந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

வீரம்மா அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். புருசனின் கையைப் பிடித்து டார்ச்சைத் தன் பக்கம் திருப்பினாள். தன் வாயைத் திறந்து, இரண்டு விரலை உள்ளே நுழைத்துக் காட்டினாள். மூன்றாவது விரல் உதட்டிலேயே நின்றது.

"பாத்தீங்களா? எனக்கு இவ்வளவுதான் மிச்சம்" என்றாள், விரலை எடுத்துவிட்டு. "நீங்க இன்னும் முழுசாத் தொறக்கலாம் அண்ணி. தொறங்க."